குற்றம் சாட்டாமலே சொத்தைப் பறிக்கும் அமெரிக்கச் சட்டம்: அரசியலமைப்பு எங்கே தடுக்கிறது, எங்கே விட்டுவிடுகிறது

கேள்வி இதுதான். அமெரிக்காவில் ஒருவர் மீது எந்தக் குற்ற வழக்கும் தொடராமலே அவருடைய காரையோ, காரிலிருந்த ரொக்கத்தையோ, சில வேளைகளில் வீட்டையோகூட அரசு எடுத்துக்கொண்டு தனக்கே சொந்தம் என்று அறிவித்துவிட முடிகிறது. சொத்துரிமையை அவ்வளவு உயர்த்திப் பிடிக்கும் ஓர் அரசியலமைப்பு இதை எப்படி அனுமதிக்கிறது? இதற்கு வரம்பே கிடையாதா?

வரம்பு உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் நான்காம் திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் சொத்தைப் பறிக்கக்கூடாது என்னும் ஐந்தாம் திருத்தம், அளவுமீறிய அபராதத்தைத் தடுக்கும் எட்டாம் திருத்தம், மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் பதினான்காம் திருத்தம் ஆகிய எல்லாவற்றின் கீழும் உச்ச நீதிமன்றம் இந்தப் பறிமுதலுக்கு ஏதோ ஒரு வகையில் கடிவாளம் போட்டிருக்கிறது. ஆனால் இந்த வரம்புகளில் பெரும்பாலானவை சொத்தின் உரிமையாளர் நீதிபதியின் முன் போய் நின்ற பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகின்றன. பெரும்பாலான உரிமையாளர்கள் அந்த இடம்வரை போவதே இல்லை. இந்தச் சட்டத்தைப் பற்றிய குழப்பங்களில் பாதி, இந்த ஒன்றை மனத்தில் வைத்தால் தெளிந்துவிடும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காவல் அதிகாரி பொருளைத் தன் வசம் எடுத்துக்கொள்வது கைப்பற்றுதல். அந்தப் பொருளின் உரிமை சட்டப்படி அரசுக்கு மாறுவது பறிமுதல். இரண்டுக்கும் இடையே சில வாரங்களும் இருக்கலாம், சில வருடங்களும் இருக்கலாம்; வழக்குகளில் பெரும்பகுதி அந்த இடைவெளியைப் பற்றியதே. பறிமுதலிலும் இரண்டு வகை உண்டு. குற்றவியல் பறிமுதல், ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு அவருடைய தண்டனையின் பகுதியாக வருவது. சிவில் பறிமுதலில் மனிதரே எதிராளி அல்ல, பொருள்தான் எதிராளி. அதனால்தான் அமெரிக்கத் தீர்ப்புத் தொகுப்புகளில் 'ஐக்கிய அமெரிக்கா எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்', '1958ஆம் ஆண்டு பிளிமத் கார் ஒன்று எதிர் பென்சில்வேனியா' என்றெல்லாம் தலைப்புகளைப் பார்க்கிறோம். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் குற்ற வழக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் பாதுகாப்புகளில் பல, எதிராளியின் இடத்தில் பொருளை வைத்ததாலேயே இங்கே கிடைக்காமல் போகின்றன.

இந்தக் கற்பனை கடலிலிருந்து வந்தது. சுங்கம் கட்டாமல் சரக்கு ஏற்றிவந்த கப்பலின் உரிமையாளர் எங்கோ வேறு நாட்டில் இருப்பார். அவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. கப்பலோ துறைமுகத்தில் நிற்கிறது. ஆகவே கப்பல் மீதே வழக்குப் போடுவது இங்கிலாந்தின் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் முதல் நாடாளுமன்றமும் 1789இலேயே தன் சுங்கச் சட்டத்தில் அதை எழுதிவைத்தது. 1827இல் 'பால்மைரா' என்ற கப்பலின் வழக்கில் நீதிபதி ஸ்டோரி, இங்கே குற்றம் செய்ததாகக் கருதப்படுவது பொருள்தான் என்றும், உரிமையாளர் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்றும் விளக்கினார். கடற்கொள்ளையையும் சுங்க ஏய்ப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்தத் தர்க்கம், பின்னர் மதுவிலக்குக் காலத்தில் கார்களுக்கும், 1970க்குப் பிறகு போதைப்பொருள் சட்டங்களின் வழியாக வாகனங்களுக்கும், 1978இல் ரொக்கத்துக்கும், 1984இல் வீடு நிலங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. உரிமையாளர் கைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறார் என்ற பழைய நியாயம், அவர் அதே ஊரில், அதே வீட்டின் வாசலில் நிற்கும்போதும் அப்படியே பயன்படுத்தப்பட்டது. என் பார்வையில் இந்தச் சட்டப் பிரிவின் அடிப்படைக் கோளாறு இதுவே.

உரிமையாளர் ஒன்றும் அறியாதவராக இருந்தால் என்ன ஆகும்? அரசியலமைப்பு அவரைக் காப்பாற்றும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். காப்பாற்றாது. 1974இல் வாடகைக்கு விட்ட ஓர் உல்லாசப் படகு பற்றிய வழக்கில், வாடகைதாரர் கஞ்சா வைத்திருந்ததற்காகப் படகைப் பறிமுதல் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படகு நிறுவனத்துக்கு அது பற்றி எதுவும் தெரியாது. தவறு நேராமலிருக்கத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்த ஓர் உரிமையாளரின் நிலை வேறாக இருக்கக்கூடும் என்று அந்தத் தீர்ப்பு ஓரமாக ஒரு கதவைத் திறந்து வைத்தது. 1996இல் 'பென்னிஸ் எதிர் மிச்சிகன்' வழக்கில் அந்தக் கதவையும் நீதிமன்றம் மூடியது. கணவனும் மனைவியும் சேர்ந்து 600 டாலருக்கு வாங்கிய பழைய பான்டியாக் காரில் கணவர் ஒரு பாலியல் தொழிலாளியுடன் இருந்தபோது பிடிபட்டார். கார் பறிமுதல் ஆனது. தன் பங்கையாவது தாருங்கள் என்று மனைவி கேட்டார். தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு, 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், உரிய சட்ட நடைமுறை என்ற கோட்பாடு அறியாத உரிமையாளருக்கு அப்படியொரு பாதுகாப்பை வழங்கவில்லை என்றது.

இந்தத் தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 2000ஆம் ஆண்டின் சிவில் பறிமுதல் சீர்திருத்தச் சட்டத்துக்கு வழிவிட்டது. அதற்கு முன்பு அரசு தகுந்த முகாந்திரம் இருப்பதை மட்டும் காட்டினால் போதும். தன் சொத்து குற்றமற்றது என்று நிரூபிக்கும் சுமை உரிமையாளர் தலையில் இருந்தது. வழக்காடுவதற்கே ஒரு பிணைத்தொகை கட்ட வேண்டும். புதிய சட்டம் நிரூபிக்கும் சுமையை அரசின் மேல் மாற்றியது, பிணைத்தொகையை நீக்கியது, அறியாத உரிமையாளருக்கு ஓர் எதிர்வாதத்தையும் கொடுத்தது. ஆனால் அதிலும் தான் அறியாதவர் என்பதை உரிமையாளரேதான் நிரூபிக்க வேண்டும். அரசு எட்ட வேண்டிய அளவுகோலும் குற்ற வழக்கில் போல ஐயத்துக்கு இடமின்றி என்பதல்ல. சாட்சியங்களின் தராசு ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும். மேலும் இது கூட்டாட்சி அரசின் வழக்குகளுக்கான சட்டம். அரசியலமைப்பு தந்த உரிமை அல்ல, நாடாளுமன்றம் தந்த சலுகை. மாநிலச் சட்டங்களின் கீழ் நடக்கும் பறிமுதலில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது.

அரசியலமைப்பு உண்மையிலேயே கடிக்கும் இடம் எட்டாம் திருத்தம். அளவுமீறிய அபராதம் விதிக்கக்கூடாது என்று அது சொல்கிறது. பறிமுதல் ஒரு சிவில் நடவடிக்கைதானே, அது எப்படி அபராதம் ஆகும் என்பது அரசின் நெடுநாள் வாதம். 1993இல் 'ஆஸ்டின் எதிர் ஐக்கிய அமெரிக்கா' வழக்கில் அந்த வாதம் உடைந்தது. தெற்கு டகோட்டாவில் 2 கிராம் கொக்கெய்ன் விற்ற ஒருவரின் வாகனப் பட்டறையையும் அவர் குடியிருந்த நகரும் வீட்டையும் அரசு கேட்டது. வழக்கின் பெயர் சிவிலா குற்றவியலா என்பது கேள்வியல்ல, ஓரளவாவது தண்டிக்கும் நோக்கம் அதில் இருக்கிறதா என்பதே கேள்வி, இருந்தால் எட்டாம் திருத்தம் பொருந்தும் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. எது அளவுமீறியது என்பதற்கான அளவுகோலை மட்டும் அப்போது அது தரவில்லை.

அளவுகோல் 1998இல் வந்தது. 'பஜகஜியான்' வழக்கில் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் 3,57,144 டாலர் ரொக்கத்துடன் சைப்ரசுக்குப் புறப்பட்டார். 10,000 டாலருக்கு மேல் நாட்டைவிட்டு எடுத்துச்செல்வதை அறிவிக்க வேண்டும், அவர் அறிவிக்கவில்லை. பணமோ நேர்மையாகச் சம்பாதித்தது, ஒரு கடனைத் தீர்க்க எடுத்துச்சென்றது என்று கீழ் நீதிமன்றம் கண்டறிந்திருந்தது. அரசு முழுத் தொகையையும் கேட்டது. தண்டனை வழிகாட்டு விதிகளின்படி அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 5,000 டாலர். நீதிபதி தாமஸ் எழுதிய 5க்கு 4 தீர்ப்பு, பறிமுதலின் அளவு குற்றத்தின் கனத்துக்கு முற்றிலும் பொருந்தாமல் மிகையாக இருந்தால் அது செல்லாது என்ற சோதனையை வகுத்து, முழுத் தொகையைப் பறிக்க இயலாது என்றது. இது குற்றவியல் பறிமுதல் பற்றிய வழக்கு. ஆயினும் சிவில் வழக்குகளிலும் இதே சோதனையைத்தான் நீதிமன்றங்கள் கையாள்கின்றன.

மாநிலங்களுக்கும் இது பொருந்துமா என்பது 2019வரை தீராமல் கிடந்தது என்பதை நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். 'டிம்ஸ் எதிர் இந்தியானா' வழக்கில், சிறிதளவு ஹெராயின் விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரின் லேண்ட் ரோவர் வண்டியை மாநிலம் எடுத்துக்கொண்டது. தந்தை இறந்ததால் வந்த காப்பீட்டுத் தொகையில் சுமார் 42,000 டாலருக்கு வாங்கிய வண்டி அது. அவர் செய்த குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். இந்தியானா உச்ச நீதிமன்றம், எட்டாம் திருத்தத்தின் இந்தப் பகுதி மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதுவரை சொல்லவில்லையே என்று கைவிரித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கட்டுப்படுத்தும். நீதிபதி கின்ஸ்பர்க் தன் தீர்ப்பில், அளவுமீறிய அபராதத்துக்கு எதிரான பாதுகாப்பின் வேரை இங்கிலாந்தின் 1215ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவரை கொண்டுபோனார். வழக்கு திரும்ப இந்தியானாவுக்குப் போய், 2013இல் கைப்பற்றிய வண்டி பற்றிய இறுதிச் சொல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து 2021இல் வந்தது. உரிமையாளர் வென்றார். எட்டு வருடம். அதையும், ஒரு பொதுநல வழக்கறிஞர் அமைப்பு அவருக்காக வழக்காடியதால்தான் அவரால் தாங்க முடிந்தது என்பதையும் சேர்த்தே இந்த வெற்றியை எடைபோட வேண்டும்.

எட்டாம் திருத்தத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி என்று சொல்லிப் பறிக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது. குற்றத்தால் வந்த வருமானம் என்று சொல்லிப் பறித்தால், திருடிய பணத்தைத் திரும்ப எடுப்பது தண்டனை ஆகாது என்ற அடிப்படையில் நீதிமன்றங்கள் பொதுவாக அளவைப் பற்றிய கேள்வியையே எழுப்புவதில்லை. நெடுஞ்சாலையில் கைப்பற்றப்படும் ரொக்கம் பெரும்பாலும் போதைப்பொருள் வருமானம் என்றே வகைப்படுத்தப்படுவதால், அங்கே விகிதாசார வாதம் உரிமையாளருக்குப் பெரிதாக உதவாது.

உரிய சட்ட நடைமுறை பற்றிய வழக்குகள் வேறொரு கேள்வியைக் கையாள்கின்றன: எவ்வளவு பறிக்கலாம் என்பதல்ல, எப்போது, எந்த முறையில் பறிக்கலாம் என்பது. இங்கே அசையாச் சொத்துக்கும் அசையும் சொத்துக்கும் நீதிமன்றம் பெரிய வேறுபாடு காட்டுகிறது. 1993இல், ஹவாயில் ஒருவரின் வீட்டை அவர் போதைப்பொருள் குற்றம் செய்து நான்கு வருடங்களுக்கும் மேல் கழித்து, அவருக்குத் தெரிவிக்காமலே அரசு கைப்பற்றிய வழக்கில், அவசர நிலை இல்லாதபோது முன்னறிவிப்பும் முன்விசாரணையும் இல்லாமல் வீடு நிலத்தைக் கைப்பற்றுவது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பானது. வீடு ஓடிப்போய்விடாது என்பதே அதன் எளிய காரணம். காரும் படகும் பணமும் ஓடிவிடக்கூடியவை. ஆகவே முதலில் எடுத்துக்கொண்டு பிறகு விசாரிக்கலாம்.

பிறகு என்றால் எப்போது? 1983இல் ஒரு ரொக்க வழக்கில், காலதாமதம் நியாயமானதா என்பதை, குற்ற வழக்குகளில் விரைவான விசாரணை உரிமைக்குப் பயன்படும் அதே நான்கு அம்சங்களைக் கொண்டு அளக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது: தாமதத்தின் நீளம், அதற்கான காரணம், உரிமையாளர் தன் கோரிக்கையை வலியுறுத்தினாரா என்பது, அவருக்கு ஏற்பட்ட பாதிப்பு. அந்த வழக்கில் 18 மாதத் தாமதம் ஏற்கத்தக்கதாகவே போயிற்று. வேலைக்குப் போகக் காரை நம்பியிருப்பவருக்கு 18 மாதம் என்பது என்ன என்று இந்த நான்கு அம்சங்கள் நேரடியாகக் கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் 2024இல் 'கல்லி எதிர் மார்ஷல்' வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அலபாமாவில் மகனிடம் கொடுத்த கார் ஒன்று, நண்பரிடம் கொடுத்த கார் ஒன்று. இரண்டும் போதைப்பொருள் குற்றத்தில் பிடிபட்டன. இரு பெண் உரிமையாளர்களும் இறுதியில் அறியாதவர்கள் என்று நிரூபித்துக் கார்களைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கும் மேலானது. வழக்கு முடியும்வரை காரை அரசே வைத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிக்க ஆரம்பத்திலேயே தனியாக ஒரு விசாரணை வேண்டும் என்பது அவர்கள் வாதம். 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் நீதிபதி கவனா, பறிமுதல் விசாரணை உரிய காலத்தில் நடந்தால் போதும், இடைக்கால விசாரணை எதையும் அரசியலமைப்பு கோரவில்லை என்று எழுதினார்.

தோற்றது உரிமையாளர்கள்தான். ஆனாலும் இந்தத் தீர்ப்பை முழுவதும் படிப்பவருக்கு வேறொன்று தெரியும். பெரும்பான்மையோடு வாக்களித்த கோர்சச், தாமசும் சேர்ந்துகொள்ள, இன்றைய பறிமுதல் நடைமுறை பழைய கடல்சார் பறிமுதலின் மரபோடு உண்மையில் ஒத்துப்போகிறதா என்று தனியே கேள்வி எழுப்பினார். தாமசே 2017இல், டெக்சாஸ் வழக்கு ஒன்றை விசாரணைக்கு ஏற்காதபோது, இதே சந்தேகத்தை விரிவாக எழுதியிருந்தார். மாறுபட்ட தீர்ப்பில் சோட்டோமயோர், கேகன், ஜாக்சன் மூவரும் காவல்துறைக்கு இதில் இருக்கும் பண ஆதாயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ஒன்பதில் ஐவர், வெவ்வேறு திசைகளிலிருந்து, ஒரே இடத்தில் நின்று முகம் சுளிக்கிறார்கள். வரலாற்றைக் கொண்டே இந்தப் பறிமுதல் நியாயப்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. அதே வரலாற்றைக் கவனமாகப் படித்தால் அது எதிர்ப்பக்கம் சாயவும் கூடும்.

மற்ற திருத்தங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். நான்காம் திருத்தத்தை மீறிய சோதனையில் கிடைத்த சாட்சியத்தைப் பறிமுதல் வழக்கிலும் பயன்படுத்தக்கூடாது என்று 1965இல், மேலே சொன்ன பிளிமத் கார் வழக்கில் தீர்ப்பானது. அந்தக் காரின் மதிப்பு சுமார் 1,000 டாலர், உரிமையாளருக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 500 டாலர். ஆகவே பறிமுதல் குற்றத் தண்டனையைவிடக் கடுமையானது என்று நீதிமன்றமே கவனித்தது. போக்குவரத்து மீறலுக்காக நிறுத்திய வண்டியை, வேறு சந்தேகம் எதுவும் இல்லாமல், மோப்ப நாய்க்காகக் காக்கவைக்கக்கூடாது என்ற 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இத்தகைய வழக்குகளில் கைகொடுக்கும். ஐந்தாம் திருத்தத்தின் இரட்டைத் தண்டனைத் தடை இங்கே பயன்படாது: குற்ற வழக்கில் விடுதலையானவரின் பொருளையும் பறிக்கலாம் என்று 1984இலும், குற்றத் தண்டனையும் சிவில் பறிமுதலும் இரட்டைத் தண்டனை ஆகாது என்று 1996இலும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் என்று வரும்போது இது தண்டனை. இரட்டைத் தண்டனை என்று வரும்போது இது தண்டனை அல்ல. இதைப் பொருத்திக் காட்ட நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் முழுவதும் பொருந்தவில்லை.

இத்தனையும் நீதிமன்றத்தினுள். வெளியே நடப்பதுதான் அதிகம். கூட்டாட்சிச் சட்டப்படி எவ்வளவு பெரிய ரொக்கத்தையும், 5,00,000 டாலர்வரை மதிப்புள்ள பெரும்பாலான அசையும் பொருள்களையும், யாரும் எதிர்க்காவிட்டால், கைப்பற்றிய துறையே நீதிபதி இல்லாமல் நிர்வாக வழியில் பறிமுதல் செய்துவிடலாம். கைப்பற்றிய 60 நாட்களுக்குள் அறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் கொடுத்து, உரிமை கோருவதற்கான கடைசித் தேதி அதில் குறிக்கப்படும். அதற்குள் உறுதிமொழியுடன் கூடிய கோரிக்கை வந்துவிட்டால் அரசு 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். வராவிட்டால் கதை முடிந்தது. அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பது, குடியிருக்கும் வீடே பறிபோகும் நிலை போன்ற ஓரிரு சூழல்களில் மட்டும்தான். 3,000 டாலரை மீட்க அதைவிட அதிகமாக வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், எட்டாம் திருத்தம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் உரிமையாளர் விட்டுவிடுவார். வென்றவருக்கு வழக்குச் செலவைத் தர 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் தீர்ப்புக்கு முன்பே அரசு வழக்கைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டால், வென்றதாகவே கணக்கில்லை என்று சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கருதுகின்றன.

பண ஆதாயம் பற்றிய கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அபராதத்தில் பங்கு பெறும் நீதிபதி வழக்கை விசாரிக்கக்கூடாது என்பது 1927 முதலே சட்டம். பறிமுதல் பணத்தில் பங்கு பெறும் காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் யாரைக் குறிவைப்பது என்று முடிவெடுக்கலாமா? 1984ஆம் ஆண்டுச் சட்டம் பறிமுதல் வருவாயைத் தனி நிதியில் சேர்த்து, உதவிய உள்ளூர் காவல்துறைக்கு அதில் 80 சதவீதம்வரை பங்கு போகும் ஏற்பாட்டுக்கு வழிவகுத்தது. அல்புகர்க்கி நகரின் வாகனப் பறிமுதல் திட்டம் இந்த ஆதாயத்தாலேயே உரிய சட்ட நடைமுறைக்கு முரணானது என்று 2018இல் ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கீழ் நீதிமன்றத் தீர்ப்பு, நாடு முழுவதையும் கட்டுப்படுத்தாது. நியூ மெக்சிகோ 2015இலும், நெப்ராஸ்கா 2016இலும், மெய்ன் 2021இலும் சிவில் பறிமுதலை ஒழித்து, குற்றத் தீர்ப்புக்குப் பிறகே பறிமுதல் என்று ஆக்கின. மாநிலம் கதவைச் சாத்தினால் உள்ளூர் காவல்துறை பொருளைக் கூட்டாட்சித் துறையிடம் ஒப்படைத்து அங்கிருந்து பங்கு வாங்கும் வழி இருக்கிறது. 2015இல் கூட்டாட்சி நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஹோல்டர் அதை வெகுவாகக் குறுக்கினார், 2017இல் அதே பதவியில் இருந்த செஷன்ஸ் அதை மீண்டும் திறந்தார். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரு துறை உத்தரவு மட்டுமே.

ஆகவே, யாரேனும் இப்படியொரு அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், அரசியலமைப்புத் தீர்ப்புகளுக்குப் போவதற்கு முன் அந்தக் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். மன்னித்துத் திருப்பித் தரும்படி அதே துறையிடம் விண்ணப்பிப்பது, நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி உரிமை கோருவது என்ற இரண்டு வழிகளையும் பெரும்பாலும் அந்தக் கடிதமே குறிப்பிடும். முதல் வழியை மட்டும் தேர்ந்தெடுத்தால் முடிவு அந்தத் துறையின் கையிலேயே இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால்தான் நிரூபிக்கும் சுமை அரசின் மேல் விழும், மேலே சொன்ன தீர்ப்புகளும் உயிர்பெறும்.